25 செ.மீ. பாறை இடுக்கில் நடக்க ஆசையா? முதலில் இந்த மண் ரோட்டைத் தாண்டுங்கள்!

(திரையில்: இரண்டு சிவப்புப் பாறைச் சுவர்கள். நடுவே ஒருவர் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைகிறார்.)

இந்த இடுக்கின் அகலம் சில இடங்களில் வெறும் 25 சென்டிமீட்டர். முதுகில் பையோடு போக முடியாது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர வேண்டும். இதன் பெயர் ஸ்பூக்கி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், எஸ்கலான்டே என்ற சின்ன ஊருக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் பாலைவனத்தில் இருக்கிறது.

எல்லாரும் இந்த இடுக்கைத்தான் காட்டுவார்கள். நான் காட்டப்போவது அதற்குப் போகிற ரோட்டை. அங்கே போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நடை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் இந்தப் பயணத்தின் கஷ்டமான பாதி.

பூகோளத்தைச் சட்டென்று முடித்துவிடுவோம். எஸ்கலான்டேயிலிருந்து 12-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே 8 கி.மீ. போனால் வலப்பக்கம் ஒரு மண் ரோடு பிரியும். பெயர் ஹோல் இன் தி ராக் ரோடு. நீளம் சுமார் 90 கி.மீ. சுமார் 20-ஆவது கிலோமீட்டரில் விசித்திரப் பாறைகள் நிற்கும் டெவில்ஸ் கார்டன், 42-இல் ஸ்பூக்கிக்குப் போகும் ட்ரை ஃபோர்க், 54 வாக்கில் கயோட்டி கல்ச் பள்ளத்தாக்குக்கு இறங்கும் ஹரிக்கேன் வாஷ். கடைசி 10 கி.மீ. பாறை. அதற்கு உயரமான நாலு சக்கர இழுவை வண்டி இருந்தால்தான் போகலாம். பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது, செல்போன் சிக்னலும் கிடையாது.

ஹோல் இன் தி ராக் என்ற அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1879 கடைசியில் மார்மன் என்ற மதப்பிரிவைச் சேர்ந்த சுமார் 250 குடியேறிகள், 83 மாட்டு, குதிரை வண்டிகளோடு இந்த வழியாகக் கிளம்பினார்கள். ஆறு வாரத்தில் போய்விடலாம் என்று நினைத்தார்கள். ஆறு மாதம் ஆனது! கொலராடோ ஆற்றின் மேலே செங்குத்தான பாறை விளிம்பில் வந்து நின்று, அதிலிருந்த ஒரு விரிசலை வெடிவைத்து அகலப்படுத்தி, 1880 ஜனவரியில் வண்டிகளைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அந்த விரிசல்தான் 'பாறையில் ஒரு துளை'. வழி தயாராகும்வரை காத்திருந்த நாட்களில், குடைவான ஒரு பெரிய பாறையடியில் கூடி நடனமாடியிருக்கிறார்கள். டான்ஸ் ஹால் ராக் என்ற அந்தப் பாறை இன்றும் ரோட்டோரம் இருக்கிறது. இறங்கி ஒரு பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

(திரையில்: ரோட்டின் மேல் கேமரா. வரி வரியாக மேடும் பள்ளமும்.)

நம் வீட்டுப் பின்கட்டில் துவைக்கிற கல் இருக்கும், அதில் வரி வரியாகக் கோடு வெட்டியிருப்பார்கள் அல்லவா? அந்தக் கல்லைப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்துப் போட்டால் எப்படியோ, அப்படித்தான் இந்த ரோடு. ஆங்கிலத்திலும் இதற்கு வாஷ்போர்டு, அதாவது துவைக்கிற பலகை என்றுதான் பெயர். கார் கடகடவென்று ஆடும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. டேஷ்போர்டில் வைத்த கூலிங் கிளாஸ் நகர்ந்து நகர்ந்து காலடியில் வந்து விழும்.

இந்த வரிகளை யார் போட்டது? நாம்தான். தளர்வான மண்ணில் சக்கரம் கொஞ்சம் வேகமாக உருளும்போது, ஒரு சின்ன மேட்டில் ஏறி லேசாகத் துள்ளும். விழும் இடத்தில் மண்ணை அமுக்கி முன்னே தள்ளும். அங்கே அடுத்த மேடு. பின்னால் வருகிற ஒவ்வொரு வண்டியும் அதே இடத்தில் துள்ளி, அதே பள்ளத்தை ஆழமாக்கும். வண்டியின் ஸ்பிரிங்தான் காரணம் என்று பலர் நினைப்பார்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டமான மணல் படுகையின் மேல் ஒரே ஒரு சக்கரத்தை உருளவிட்டார்கள். ஸ்பிரிங் இல்லை, எஞ்சின் இல்லை. அப்போதும் வரி விழுந்தது! குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் போதும், மண் தானாக மடிப்பு விட ஆரம்பிக்கிறது.

இதில் என்னை அப்படியே உட்கார வைத்தது வேறொன்று. குளத்தில் ஓட்டாஞ்சில்லை எறிந்து தத்தித் தத்திப் போகவிடுவோமே, அந்தத் துள்ளலின் கணக்கும் இந்தச் சக்கரத்தின் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்று. தண்ணீரே இல்லாத பாலைவனத்தில், தண்ணீர் மேல் கல் போவது மாதிரி கார் போகிறது. எனக்கு இது அவ்வளவு அழகாகப் படுகிறது. உங்களுக்கும் பிடித்திருந்தால் ஒரு லைக் போடுங்கள், அப்புறம் தொடர்வோம்.

"ஒரேயடியாக வேகமாகப் போனால் ஆட்டம் தெரியாது" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், சக்கரம் மேடுகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு பறக்கும். ஆனால் டயர் மண்ணைத் தொடாத நேரத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. வளைவில் எதிரே ஒரு மாடு நின்றால் முடிந்தது. தயவுசெய்து வேண்டாம். மெதுவாகப் போங்கள்.

நான் செய்வது இதுதான். தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி, டயர் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 25 வாக்கில் இறக்குவேன். வால்வை அமுக்கியதும் உஸ்ஸென்று போகும், டயரின் அடி லேசாகப் பிதுங்கும். அதன்பின் ஆட்டம் நன்றாகவே குறையும். கூடவே ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் கையில் எடுத்தே பார்த்துவிடுங்கள். வாடகைக் காரில் பல நேரம் ஒல்லியான ஸ்டெப்னிதான் இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. மண் ரோட்டில் ஓட்டக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் வாசித்துவிடுங்கள்.

அடுத்தது மழை. பாலைவனத்தில் பயப்பட வேண்டியது வெயிலுக்கு மட்டும் இல்லை. இந்த மண்ணில் களி அதிகம். நனைந்தால் டயரின் பள்ளங்களை அப்பி நிரப்பிவிடும், அப்புறம் நாலு சக்கர இழுவையும் வழுக்கும். அதைவிட மோசம், எங்கோ தூரத்தில் பெய்த மழை உங்கள் தலைக்கு மேல் நீல வானம் இருக்கும்போதே இடுக்குக்குள் வெள்ளமாக வரும். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை இந்த ஆபத்து மிக அதிகம். எஸ்கலான்டே ஊரிலேயே பார்வையாளர் மையம் இருக்கிறது. கிளம்பும் அன்று காலை அங்கே கேளுங்கள். "வேண்டாம்" என்றால் அன்று வேண்டாம்.

தங்குவது? முதல் நாள் மாலையே நடை தொடங்கும் இடத்துக்கு அருகே போய் டென்ட் போடுவதுதான் என் பழக்கம். இரவு தங்கலுக்கு இலவச அனுமதிச் சீட்டு உண்டு, எடுத்துக்கொள்ளுங்கள். டெவில்ஸ் கார்டனில் தங்கக் கூடாது. மற்ற இடங்களில், ஏற்கெனவே பலர் தங்கி வெறுமையான தரையாகப் பார்த்துப் போடுங்கள். வறண்ட ஓடைக்குள் மட்டும் போடவே போடாதீர்கள். கயோட்டி கல்ச்சுக்குள் நெருப்பு மூட்டத் தடை, மலத்தையும் பையில் கட்டி வெளியே எடுத்துவர வேண்டும்.

கீழே குனிந்து மண்ணைப் பாருங்கள். கருகிய தோசை மாதிரி மொரமொரவென்று ஒரு கறுப்பு ஏடு தெரியும். அழுக்கு இல்லை, உயிர். நுண்ணுயிர்கள் மணல் துகள்களை நூலால் கோத்தது போலப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மிதி மிதித்தால் நொறுங்கும், மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் பாறைமேலோ ஓடை மணலிலோ நடங்கள்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர், ஒரு நாளுக்குக் கூடுதலாகவும் வையுங்கள். ஸ்வெட்டரை மறக்காதீர்கள், ஊரே கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இரவில் நடுக்கும். விடிந்ததும் டீ போட்டுக் குடித்துவிட்டு, வெயில் ஏறும் முன் ஸ்பூக்கிக்குள் நுழைந்துவிடலாம்.

திரும்பும்போது தார் ரோடு தொடங்கும் இடத்தில் நிறுத்தி நாலு டயருக்கும் காற்றடியுங்கள், பம்ப் கையோடு இருக்க வேண்டும். ஸ்டெப்னியைக் கழற்றாமலே வந்து சேர்ந்தீர்களா என்று கமெண்டில் சொல்லுங்கள்.