ரெண்டு தடவை பிரவுசர் கட்டினவர்

[திரையில்: பழைய ஜாவா போன். மெனுவுல சிவப்பு நிறத்துல 'ஓ' எழுத்து.]

2007, 2008 வாக்குல பட்டன் போன்ல இன்டர்நெட் பார்த்தவங்களுக்கு இந்தச் சிவப்பு 'ஓ' நல்லா ஞாபகம் இருக்கும். ஓபரா மினி. ஜிபிஆர்எஸ்ல கேபி கணக்குல காசு கரைஞ்ச காலம் அது. அந்த போன்லயும் ஒரு பக்கத்தை முழுசா திறந்து படிக்க வெச்சது இந்தச் சின்ன ஆப்.

அதைக் கொண்டுவந்த கம்பெனியை அப்போ நடத்தினவர் யோன் வான் டெட்ஷ்னர். 1967-ல ஐஸ்லாந்துல பிறந்தவர், நார்வேல ஓஸ்லோ பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவர்.

[திரையில்: 1994, ஓஸ்லோ]

1994-ல அவர் நார்வே அரசுத் தொலைபேசி நிறுவனத்தோட ஆராய்ச்சிப் பிரிவுல வேலை பார்த்தார். இன்னைக்கு அந்த நிறுவனத்துக்குப் பேரு டெலினார். கூட வேலை பார்த்தவர் கெய்ர் இவார்சொய். அப்போ எல்லாரும் பயன்படுத்தினது மொசைக் பிரவுசர். இதைவிட நல்லதா நாமளே ஒண்ணு எழுதலாம்னு ரெண்டு பேரும் உட்கார்ந்தாங்க. நிறுவனத்துக்கு அதுல பெரிய ஆர்வம் இல்ல. 1995-ல அந்த மென்பொருளோட உரிமையை வாங்கிக்கிட்டு, ஓபரா சாஃப்ட்வேர்னு தனியா கம்பெனி ஆரம்பிச்சாங்க.

அவங்க எழுதினது ரொம்பக் கச்சிதமான பிரவுசர். 1.44 எம்பி ஃபிளாப்பி ஒண்ணுலயே அடங்கிடும். பழைய 386 கம்ப்யூட்டர்லயும் ஓடும். புது மெஷின் வாங்க முடியாதவனுக்கும் வெப் திறக்கணும்ங்கிற பிடிவாதம் அன்னைக்கே அந்த கோட்ல இருந்ததா நான் நம்புறேன். ஒரே ஜன்னலுக்குள்ள பல பக்கங்களைத் திறந்து வெக்கிற வசதியும் அப்பவே இருந்தது. மவுஸை அசைச்சே பின்னாடி போறது, புது பக்கத்துல பிடிச்ச தளங்களைக் கட்டம் கட்டமா காட்டுற ஸ்பீட் டயல், இதெல்லாம் பிறகு வந்துச்சு.

ஆனா காசு? மைக்ரோசாஃப்ட் தன்னோட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசரை இலவசமாக் கொடுத்துச்சு, விண்டோஸோடயே சேர்த்து. பெரிய பிரவுசர் கம்பெனியான நெட்ஸ்கேப்பே அதுல நொறுங்கிப்போச்சு. ஓபராவைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும். 2000-ல விளம்பரத்தோட இலவசம், 2005 செப்டம்பர்ல விளம்பரமும் இல்லாம இலவசம்னு படிப்படியா மாறிச்சு.

2003-ல நடந்ததைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும். மைக்ரோசாஃப்டோட எம்எஸ்என் தளம் ஓபராவுல மட்டும் கோணலாத் தெரிஞ்சுது. ஓபரா ஆளுங்க உள்ள பார்த்தா, அந்தத் தளம் ஓபராவுக்குன்னு தனியா ஒரு ஸ்டைல் ஷீட்டை, அதாவது பக்கம் எப்படித் தெரியணும்னு சொல்ற ஃபைலை, அனுப்பிக்கிட்டிருக்கு. அதுல பட்டியல்களை 30 பிக்சல் இடது பக்கமாத் தள்ளுற ஒரு வரி. ஒவ்வொரு பிரவுசரும் தளத்துக்குப் போகும்போது தன் பேரைச் சொல்லும். அந்தப் பேரை லேசா மாத்தி 'ஓப்ரா'ன்னு சொல்ல வெச்சுப் பார்த்தாங்க. அந்த வரி வரல, பக்கம் ஒழுங்கா வந்துச்சு. அதாவது கோளாறு பிரவுசர்ல இல்ல.

[திரையில்: எம்எஸ்என் பக்கம், எழுத்தெல்லாம் உளறலா மாறுது]

பதிலுக்கு ஓபரா ஒரு தனிப் பதிப்பே வெளியிட்டுச்சு. எம்எஸ்என்-ஐ அதுல திறந்தா மட்டும் எழுத்தெல்லாம் 'போர்க் போர்க்'னு உளறலா மாறிடும், மத்த தளமெல்லாம் ஒழுங்கா வரும். ஒரு தளம் நினைச்சா ஒரு பிரவுசரையே கெடுத்துக் காட்ட முடியும்னு உலகத்துக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான வழி இருந்திருக்காது.

2004-ல கம்பெனி ஓஸ்லோ பங்குச் சந்தைக்குப் போச்சு. 2006 ஜனவரியில ஓபரா மினி உலகம் முழுக்க வந்துச்சு. பக்கத்தை போன் நேரா எடுக்காது. ஓபராவோட சர்வர் எடுத்து, சின்னத் திரைக்குத் தக்கமாதிரி அடுக்கி, 90 சதவீதம் வரைக்கும் சுருக்கி அனுப்பும். போனுக்குப் பாரம் இல்ல, பில்லும் கம்மி. இதுக்கு ஒரு விலையும் இருந்துச்சு. பாஸ்வேர்டு உட்பட எல்லாமே அந்த சர்வர் வழியாத்தான் போகும். அப்போ நம்மள்ல ரொம்பப் பேர் அதை யோசிக்கவே இல்ல.

அதே வருஷம் மார்ச்ல கெய்ர் இவார்சொய் புற்றுநோயில காலமானார். ஓபராவோட ஆரம்ப கோட்ல பெரும்பகுதி அவர் எழுதினது. அவர் பேரைச் சொல்லாம இந்தக் கதையைச் சொல்றது நியாயமே இல்ல.

டிசம்பர் 2007-ல டெட்ஷ்னரோட கம்பெனி ஐரோப்பிய ஆணையத்துல, விண்டோஸோட எக்ஸ்ப்ளோரரைச் சேர்த்துக் கொடுக்குறதைப் பத்தி மைக்ரோசாஃப்ட் மேல புகார் கொடுத்துச்சு. அதோட விளைவா 2010 மார்ச்ல இருந்து ஐரோப்பாவுல விண்டோஸ் பயனர்களுக்கு ஒரு தேர்வுத் திரை வந்துச்சு, எந்த பிரவுசர் வேணும்னு கேட்டு. நடுவுல ஒரு வருஷத்துக்கும் மேல அந்தத் திரை பல கம்ப்யூட்டர்கள்ல வராமலே போச்சு. அதுக்காக 2013-ல மைக்ரோசாஃப்டுக்கு 56.1 கோடி யூரோ அபராதம்.

அந்தத் திரை வர்றதுக்கு முன்னாடியே, 2010 ஜனவரியில, அவர் தலைமைப் பொறுப்பை விட்டிருந்தார். 2011 ஜூன்ல கம்பெனியை விட்டே வெளிய வந்துட்டார். நிர்வாகம் காலாண்டுக் கணக்கையே பார்க்குது, நான் அதைத் தாண்டிப் பார்க்கிறேன்ங்கிறதுதான் ஊழியர்களுக்கு அவர் எழுதினதோட சாரம். 2013-ல ஓபரா, பக்கத்தை வரைஞ்சு காட்டுற தன் சொந்த என்ஜின் பிரெஸ்டோவைக் கைவிட்டு, கூகுள் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்துக்கு மாறிச்சு. முதல்ல வந்த புதுப் பதிப்புல புக்மார்க் வசதிகூட இல்ல. பழைய பயனர்கள் கொதிச்சுப்போனாங்க. அவங்க கூடிப் பேசின மை ஓபரா தளமும் 2014-ல மூடப்பட்டுச்சு.

[திரையில்: விவால்டி முதல் பதிப்பு, 6 ஏப்ரல் 2016]

அந்தப் பயனர்களுக்காகத்தான் டெட்ஷ்னர் ரெண்டாவதா கட்டின பிரவுசர், விவால்டி. இந்தத் தடவை வெளி முதலீட்டாளர் யாரும் வேண்டாம், கம்பெனி ஊழியர்கள் கையிலயே இருக்கட்டும்னு முடிவெடுத்தார். முதல் கம்பெனியில பட்டதுதான் இதுக்குக் காரணம்னு எனக்குத் தோணுது. அவர் செஞ்சதுலயே பெரிய முடிவு இதுதான்னும் சொல்வேன். சந்தைக்குப் போன கம்பெனியில அவர் சொல் எடுபடல. விவால்டில எது வேணும், எது வேண்டாம்னு ஊழியர்களே சொல்ல முடியுது. ஆனா என்ஜின் விவால்டிக்கும் குரோமியம்தான். சின்னக் குழுவால சொந்தமா ஒரு என்ஜின் எழுதிக் காப்பாத்துறது இன்னைக்கு நடக்காத காரியம்.

பழைய பிரச்சனையும் தீரல. விவால்டிங்கிற பேரைக் கேட்டதும் சில தளங்கள் கதவை மூடுச்சு. உள்ள என்ஜின் குரோமோடது, அதே பக்கம் குரோம்ல நல்லாவே திறக்குது. கடைசியில 2019 டிசம்பர்ல வந்த 2.10 பதிப்புல இருந்து, விவால்டி பெரும்பாலான தளங்கள்ல தன்னை குரோம்னே சொல்லிக்குது. பக்கம் திறந்துடுது. ஆனா எந்த பிரவுசரை எத்தனை பேர் பயன்படுத்துறாங்கன்னு எண்ணுற கணக்குகள்ல, விவால்டி பயனர்களும் குரோம் பக்கம் போய்ச் சேர்ந்துடுறாங்க.