ஹேண்ட்பிரேக் மேலே ஏறினால் முதலில் பார்க்க வேண்டிய இடம்

வணக்கம் நேயர்களே. நான் தாப்பாவில் காடிப் பட்டறை நடத்துகிறவன். "அண்ணே, ஹேண்ட்பிரேக் ரொம்ப மேலே வருது, கொஞ்சம் டைட் பண்ணிக் கொடுங்க" என்று அடிக்கடி யாராவது வந்து நிற்பார்கள். கேபிள் நட்டை நாலு சுற்று முறுக்கினால் லீவர் கீழேயே நின்றுவிடும், வந்தவரும் சந்தோஷமாகப் போய்விடுவார். அந்த வேலையை முதல் வேலையாகச் செய்யவே கூடாது. ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கஞ்சில், வீவா, அக்ஸியா போன்ற நம் சிறிய காடிகளின் பின்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்பு டிரம். அதற்குள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூ. பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயின் அழுத்தம் வீல் சிலிண்டர் வழியாக ஷூக்களை விரிக்கும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையான லைனிங் டிரம்மில் உரசி வேகம் குறையும். காலை எடுத்ததும் ஸ்பிரிங்குகள் ஷூக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உரச உரச லைனிங் தேயும். தேய்ந்த அளவுக்கு ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும், பெடல் ஆழமாக இறங்கும், ஹேண்ட்பிரேக்கும் மேலே ஏறும். தோட்டத்துத் துரைமார் ஓட்டிய பழைய லேண்ட்ரோவர்களில் இதைச் சரிசெய்ய, டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பின்தட்டில் உள்ள அட்ஜஸ்டரை அவ்வப்போது ஸ்பானர் போட்டுத் திருப்ப வேண்டும். இன்றைய காடிகளில் அந்த வேலையைக் காடியே பார்த்துக்கொள்கிறது.

டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு ஷூக்களுக்கும் நடுவே விரலளவு தடிப்பில் ஒரு தண்டு குறுக்கே கிடக்கும். அதுதான் தானியங்கி அட்ஜஸ்டர். அதில் மரை வெட்டியிருக்கும். மரையின் தலையில் ஒரு சிறிய பல் சக்கரம். பல்லில் நுனியை வைத்தபடி ஒரு தகட்டு லீவர், அதை இழுத்துப் பிடிக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங். பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஷூக்கள் விரிய, அந்த லீவரும் கொஞ்சம் அசையும். இடைவெளி சரியாக இருந்தால் அசைவு ஒரு பல்லின் அகலத்துக்குள் அடங்கிவிடும், எதுவும் மாறாது. லைனிங் தேய்ந்து அசைவு ஒரு பல்லைத் தாண்டும்போதுதான் சக்கரம் ஒரு பல் திரும்பும். தண்டு மயிரிழை நீளும், இடைவெளி பழைய அளவுக்கு வந்துவிடும். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. இத்தனை வருடமாகப் பார்த்தும் எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மதிப்பு குறையவில்லை.

எல்லா வகையும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சில அமெரிக்க வகை டிரம்களில் ரிவர்சில் போகும்போது பிரேக் பிடித்தால்தான் பல் திரும்பும். சூட்டில் டிரம் விரியும் என்பதால், சில காடிகளில் சூடேறியதும் வளைந்து லீவரைத் தடுக்கும் ஒரு தகடும் உண்டு. அது இல்லாவிட்டால் கேமரன் மலையிலிருந்து ரிங்லெட் வழியாக இறங்கி வரும்போது அட்ஜஸ்டர் அதிகமாக முறுக்கிக்கொண்டு, ஆறிய பிறகு ஷூ டிரம்மைக் கவ்விக்கொள்ளலாம்.

சரி, ஹேண்ட்பிரேக்குக்கு வருவோம். கேபிள் இழுப்பது ஷூவில் மாட்டியுள்ள ஒரு கையை. கேபிளை அளவுக்கு மீறி முறுக்கினால் அந்தக் கை தன் இடத்துக்கு முழுசாகத் திரும்பாது. ஷூக்கள் எப்போதும் கொஞ்சம் விரிந்தே நிற்கும். இடைவெளி குறைவாக இருப்பதால் அட்ஜஸ்டர் லீவர் போதிய அளவு அசையாது, பல்லும் திரும்பாது. தானாகச் சரிசெய்துகொள்ளும் பிரேக்கை நாமே முடக்கிவிடுகிறோம். முதலில் உள்ளே பல் சக்கரத்தைச் சரிபார்க்க வேண்டும். கேபிளைத் தொடுவது அதற்கப்புறம்தான்.

நம் பக்கத்துக் காடிகளில் அட்ஜஸ்டர் நின்றுபோவதற்குப் பெரிய காரணம் செம்மண். செம்பனைத் தோட்டத்துப் பாதையில் தூசியும் மழைச் சேறும் உள்ளே புகுந்து, மரை துருவேறி இறுகிவிடும். இறுகிய மரையை எந்த லீவராலும் திருப்ப முடியாது. ஷூ மாற்றும்போது இந்தத் தண்டையும் கழற்றி, துரு போகத் தேய்த்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் மெல்லியதாகப் பூசி, விரலால் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். புது ஷூ போட்டுவிட்டு இதைத் தொடாமல் மூடினால் வேலை பாதிதான். இடப்பக்கத் தண்டையும் வலப்பக்கத் தண்டையும் மாற்றிவிடவும் கூடாது. பல காடிகளில் ஒன்று வலமரை, மற்றது இடமரை; மாறினால் இறுக வேண்டிய இடத்தில் தளர்ந்துகொண்டே போகும்.

பட்டறையில் வேலை செய்யும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) இருந்தது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து எடுங்கள்.

வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது: ஹேண்ட்பிரேக்கை எத்தனை கிளிக்கில் பிடிக்க வேண்டும் என்று காடிக் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால், "டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டரைப் பாருங்க" என்று போர்மேனிடம் கேளுங்கள். கழற்றியதும் பக்கத்தில் நின்று லைனிங்கையும் பாருங்கள். பல சிறிய காடிகளில் 1 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். வேலை முடிந்ததும் பின்தட்டுத் துளையின் ரப்பர் மூடி திரும்பப் போடப்பட்டதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் சேறு அந்த வழியாகவே நேராக உள்ளே போகும். வணக்கம்.