தண்ணீர் போன வழியில் ஊர் வரலாறு
(சனசமூக நிலைய ஆண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஊர் வரலாறு எழுதப் புறப்படும் இளைஞர்கள் பலர் கோயிலில் தொடங்கிப் பள்ளிக்கூடத்தில் முடித்துவிடுகிறார்கள். கிணற்றிலும் குளத்திலும் தொடங்குங்கள் என்று கேட்கவே இந்த மேடையில் நிற்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழையை வைத்தே மற்ற மாதங்களையும் கடத்த வேண்டும். குடாநாட்டின் ஒரு பகுதியான வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றைப் பாருங்கள். மேட்டில் செம்பாட்டு மண். அங்கே தோட்டமும் குடிமனையும். தாழ்வில் வயல். இன்னும் தாழ்ந்த இடத்தில் குளம். மேட்டில் விழும் மழை ஒழுங்கை என்கிற சிறு தெரு வழியாகவும் வெள்ளவாய்க்கால் வழியாகவும் குளத்துக்கு இறங்கும். குளம் நிரம்பினால் மிச்சம் அடுத்த ஊருக்குப் போகும். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலேரியைச் சேரும் வழுக்கையாறும் இப்படிக் குளங்களைத் தொடுத்து ஓடுகிற மாரிகால ஓடைதான். அதை அண்டிய கந்தரோடையில் பெருங்கற்காலத்திலேயே மக்கள் குடியிருந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது.

மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் நன்னீர், கடலிலிருந்து வந்த உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் சொல்லும் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே அந்த 40 அடியும் மெல்ல மெல்ல உவராகும். புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அளந்தே கண்டிருக்கிறார்கள்.

கிணற்று நீரை இறைக்கும் ஏற்றமான துலா இருந்த காலத்தில் இந்தச் சமநிலை எளிதில் குலையவில்லை. ஆடுகால் இரண்டு, அவற்றின் குறுக்கே அச்சுலக்கை, அதன்மேல் பனைமரத் துலா, நுனியில் துலாக்கொடி, கொடியில் நீர் அள்ளும் ஓலைப் பட்டை. துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஒருவரோ இருவரோ வேண்டும். பட்டையைத் தாழ்த்தி நிமிர்த்தி வாய்க்காலில் ஊற்ற ஒருவர். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற இன்னொருவர். மிதிக்கிறவரின் கால் தவறினால் உயிருக்கே ஆபத்து. அத்தனை பேர் விடியப்புறமே தொடங்கி இறைத்தாலும், இறைக்கிற வேகத்துக்கு ஊற்றும் ஈடுகொடுத்தது. மோட்டர் அதே தண்ணீரைச் சொற்ப நேரத்தில் எடுத்துவிடுகிறது. கிணறு இறங்கியதும் உறிஞ்சு குழாயை இன்னும் கீழே விடுவதுதான் பலர் செய்யும் பிழை. குழாயைத் தாழ்த்தக் கூடாது. மோட்டரை நிறுத்தி ஊற விட்டு, காலை பாதி, மாலை பாதியாக இறைக்க வேண்டும்.

ஒரு கிணறு பல பேருக்குச் சொந்தம் என்பதைக் காணி உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில் பாருங்கள். நாலு எல்லையும் சொன்ன பிறகு கிணற்றில் பங்கு, வழி, வாய்க்கால் உரித்து (உரிமை) என்று எழுதியிருக்கும். நாலு பங்காளர் என்றால் நாலு நாளுக்கு ஒரு முறை. பிள்ளைகளுக்குக் காணி பிரிந்தபோது பங்கும் அரையாக, காலாகப் பிரிந்தது. ஊர்ச் சண்டைகளில் எத்தனையோ இந்த முறை தப்பியதால் வந்தவை. பழைய உறுதிகளையும், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு நூல்களான கல்வெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எந்தக் குடும்பம் எந்தக் கிணற்றடியில் வாழ்ந்தது என்று பிடித்துவிடலாம்.

மறைக்காமல் எழுதவேண்டியது ஒன்று உண்டு. எல்லாரும் எல்லாக் கிணற்றிலும் அள்ள முடியவில்லை. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்கள் குடத்தோடு காத்து நின்று, யாராவது அள்ளி ஊற்றினால் கொண்டுபோனார்கள். சாதி காட்டிப் பொது வாழ்வில் தடுப்பதை 1957இன் 21ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. ஆனாலும் 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போக விடக் கேட்டு அந்த மக்கள் வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது. எந்தக் கிணற்றில் யார் அள்ளக்கூடாது என்று இருந்ததோ, அதுவும் ஊர் வரைபடத்தில் வரவேண்டும். அந்த வேதனையை விட்டுவிட்டு எழுதும் வரலாறு பாதி ஊரின் வரலாறுதான்.

போரினால் 1990இல் வலிகாமம் வடக்கும், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தன. வருடக்கணக்கில் ஆளில்லாத இடங்களில் கிணறுகள் தூர்ந்தன, எல்லை வேலியாக நட்ட கதியால் மரங்கள் பட்டுப்போயின, வாய்க்கால் எது ஒழுங்கை எது என்று தெரியாமல் பற்றை மூடியது. திரும்பி வந்தவர்கள் எல்லையை உறுதிப்படுத்த மதில் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிளுவையும் பூவரசும் நட்ட வேலியூடே வெள்ளம் கசிந்து போகும். அதன் குழையை வெட்டித் தோட்டத்தில் பசளையாகத் தாழ்த்துவார்கள். மதில் வெள்ளத்தை மறித்து ஒழுங்கையில் தேக்குகிறது. குளமோ வெறுமையாய்க் கிடக்கிறது. மதிலின் அடியில் தண்ணீர் வந்த இடமெல்லாம் ஒரு கண் (துவாரம்) விட்டால் போதும்.

குளம் தூர்வாரப் பணம் வரும்போது இயந்திரம் வைத்து ஆழமாக வெட்டினால் நல்லது என்று நினைக்கிறோம். அடியில் உள்ள களிப்படையை உடைத்துச் சுண்ணாம்புக்கல் வரை போனால், தேங்க வேண்டிய தண்ணீர் சில நாளில் இறங்கிவிடும்; கரையோர ஊர் என்றால் உவர் மேலே வரும். படிந்த வண்டலை மட்டும், ஆடி, ஆவணியில் குளம் காய்ந்தபின் எடுக்க வேண்டும். எடுத்த மண்ணைக் கரையில் குவித்தால் அடுத்த மாரியில் அதே குளத்துக்குள் திரும்பிவிடும், வயலுக்கு ஏற்றிவிடுங்கள். அடியில் கொங்கிறீற் போடவே கூடாது. வேலை தொடங்குமுன் அந்தக் குளம் பிரதேச சபையினதா, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தினதா, கோயிலினதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரின் தரத்தையும் பாருங்கள். இரண்டு பரப்பு அளவான சிறு காணிக்குள் வீடும் கிணறும் மலசலகூடக் குழியும் வந்துவிட்டன. தோட்டத்தில் யூரியாவும் கூடிவிட்டது. இரண்டிலிருந்தும் நைத்திரேற்று கல்வெடிப்பு வழியே கிணற்றுக்குப் போகிறது. உலக சுகாதார நிறுவனம் குறித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். காய்ச்சினால் அது போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது உயிராபத்து. கைக்குழந்தை உள்ள வீட்டுக் கிணற்றை முதலில் பரிசோதியுங்கள்.

இளைஞர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும்போது குடையோடும் ஒழுங்கை வரைபடத்தோடும் வெளியே இறங்குங்கள். வெள்ளம் எங்கே தொடங்கி எந்த மதிலில் நிற்கிறது, எந்த மதகு அடைந்திருக்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். மழை விட்டபின் அதே வரைபடத்தில் கிணறுகளையும் பங்காளர் பெயர்களையும் சேருங்கள். ஒரு பிரதி இந்த நிலையத்தில் இருக்கட்டும். இன்னொன்றைக் கிராம அலுவலரிடமும் பிரதேச சபையிடமும் கொடுத்து, அடைந்த மதகுகளைத் தை பிறக்கும் முன் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.