"இத்தனை வருஷமா சாப்பிட்டேன், இப்ப மட்டும் எப்படி?" ஃபாவா பீன்ஸும் வயசானவங்க ரத்தமும்

[திரையில்: கடுங்காப்பி நிறத்துல யூரின் இருக்குற ஒரு டெஸ்ட் கப்]

எழுபது வயசு தாண்டின ஒருத்தருக்கு திடீர்னு யூரின் இந்த நிறத்துல போகுது, கண்ணு மஞ்சளா இருக்கு, முதுகு வலிக்குது, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது. வீட்ல இருக்கறவங்க காமாலையா இருக்குமோ கிட்னியா இருக்குமோன்னு அலைவாங்க, ஆனா ரெண்டு நாள் முன்னாடி என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கத் தோணாது. அந்த ஒரு கேள்வியை கேக்க வைக்கத்தான் இந்த வீடியோ.

அவங்க சாப்பிட்டது ஃபாவா பீன்ஸா, அதாவது பிராட் பீன்ஸா இருக்கலாம். அந்த பீன்ஸ்ல ஒரு குத்தமும் இல்ல, கோடிக்கணக்கான பேர் தினம் சாப்பிடறாங்க. ஆனா ஜி6பிடிங்கற என்சைம் பிறவியிலேயே குறைவா இருக்கறவங்களுக்கு அது ரத்தத்துல இருக்கற சிவப்பணுக்களையே உடைச்சிடலாம். உலகத்துல சுமார் 40 கோடி பேருக்கு இந்தக் குறை இருக்கு, பாதிப் பேருக்கு மேல அது தெரியாமலே வாழ்ந்து முடிச்சிடறாங்க.

[திரையில்: ஒரு சிவப்பணு, பெருசா]

இந்த சிவப்பணுவை பாருங்க. ஆக்சிஜனை சுமந்துக்கிட்டே சுத்துது, அதனால இரும்பு துரு பிடிக்கற மாதிரி அதுக்கும் ஒரு ஆபத்து கூடவே இருக்கு. காவலுக்கு உள்ள குளூட்டாதயோன்னு ஒரு பொருள் இருக்கு, அது தீரத் தீர புதுப்பிக்கணும், அதுக்கு ஜி6பிடி வேணும். மத்த செல்லுங்களுக்கு வேற வழியும் இருக்கு, சிவப்பணுவுக்கு செல்லுக்கு சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா கூட கிடையாது, இந்த ஒரே வழிதான். ஃபாவா பீன்ஸ்ல இருக்கற விசின், கான்விசின் ரெண்டும் குடல்ல உடைஞ்சு டைவிசின், ஐசோயுராமில்னு மாறி ரத்தத்துக்குள்ள போகும், போனதும் அந்த துருப்பிடிக்கற வேலை பல மடங்கு வேகமாகும். காவல் தீந்துட்டா ஹீமோகுளோபின் கெட்டுப்போய் கட்டி கட்டியா ஒட்டிக்கும், மண்ணீரல் அந்தக் கட்டியை கடிச்சு எடுக்கும், மைக்ராஸ்கோப்ல பாத்தா நெஜமாவே ஓரம் கடிச்ச பிஸ்கட் மாதிரி செல்லு தெரியும். மிச்சம் கொஞ்சம் ரத்தக்குழாய்க்குள்ளயே உடைஞ்சு யூரின்ல இறங்கும், அதான் அந்த நிறம். பெரும்பாலும் சாப்பிட்டு 24 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கும், அதனாலதான் சாப்பாட்டையும் இதையும் யாரும் முடிச்சுப் போட்டு பாக்கறதில்ல.

சரி, பிறவிக் குறைன்னா சின்ன வயசுலயே தெரிஞ்சிருக்கணுமே? இங்கதான் பல பேர் தப்பு பண்றாங்க. ஒவ்வொரு தடவை சாப்பிடும்போதும் ரத்தம் உடையணும்னு கட்டாயம் இல்ல, பச்சையா புதுசா இருக்கற பீன்ஸ்ல அந்தப் பொருள் ஜாஸ்தி, காஞ்சு வெந்ததுல கம்மி, அளவும் முக்கியம், அதனால நாப்பது வருஷம் ஒண்ணும் ஆகாம ஒரு நாள் மாட்டிக்கலாம்.

பெண்கள் விஷயம் இன்னும் முக்கியம், தயவுசெஞ்சு கவனிங்க. இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, ஆண்களுக்கு ஒரு எக்ஸ்தான், பெண்களுக்கு ரெண்டு. அதுல ஒண்ணுல மட்டும் குறை இருந்தா அவங்க ரத்தத்துல நல்ல அணுவும் குறையுள்ள அணுவும் கலந்திருக்கும், இளவயசுல நல்லது சமாளிச்சிடும். வயசாக ஆக எலும்பு மஜ்ஜைல ரத்த அணுவை உருவாக்கற ஸ்டெம் செல்லுல சிலது மட்டும் பெருகி அந்த விகிதம் ஒரு பக்கமா சாயலாம், குறையுள்ள பக்கம் சாஞ்சுட்டா எழுபது வயசுல முதல் தடவையா நோய் வெளிய தெரியும். ஆம்பளைங்க வியாதின்னு ஒதுக்கினா ஒரு பாட்டியோட டயக்னோசிஸ் தப்பிப் போகும்.

வயசானவங்க உடம்பு திடீர் ரத்த இழப்பை தாங்காது, இதயமும் கிட்னியும் ஏற்கனவே களைச்சிருக்கும். இன்னொரு பயம், கருத்த யூரினை பாத்து இன்ஃபெக்ஷன்னு நைட்ரோஃபுரான்டாயின்ங்கற ஆன்டிபயாடிக் கொடுத்துட்டா அந்த மருந்தே சிவப்பணுவை இன்னும் உடைக்கலாம். விரல்ல மாட்டற ஆக்சிஜன் மெஷின் குறைச்சு காட்டும்போது ஹீமோகுளோபின் ஆக்சிஜனை சுமக்க முடியாம மாறிப்போனா கொடுக்கற மெத்திலீன் ப்ளூங்கற மருந்தை போடறதுக்கு முன்னாடியும் ஜி6பிடியை யோசிக்கணும், இவங்களுக்கு அதுவும் ஆபத்து.

[திரையில்: ஒரு லேப் ரிப்போர்ட், "நார்மல்"]

டெஸ்ட்லயும் ஒரு பொறி இருக்கு. ரத்தம் உடைஞ்சிட்டிருக்கும்போது என்சைம் குறைஞ்ச பழைய அணுதான் முதல்ல சாகும், மிஞ்சறது இளசு, அதுல என்சைம் நல்லாவே இருக்கும், அதனால ரிப்போர்ட் நார்மல்னு வரலாம். அத நம்பி விட்டுடாதீங்க, சுமார் மூணு மாசம் கழிச்சு திரும்ப பண்ணச் சொல்லுங்க. பெண்களுக்கு ஆமா இல்லன்னு மட்டும் சொல்ற டெஸ்ட் போதாது, அளவு காட்டற டெஸ்டா கேளுங்க. சுகர் இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம்: அணு சீக்கிரம் சாகறதால மூணு மாச சராசரி சுகர் ரிப்போர்ட், அதாவது ஹெச்பிஏ1சி, உண்மையை விட குறைவா காட்டலாம், தினசரி சுகரையும் சேத்துதான் பாக்கணும்.

அறிகுறி இருந்தா வீட்ல காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க, சாப்பிட்டது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. காரணத்தை நிறுத்தி, நீர்ச்சத்து கொடுத்து, ஹீமோகுளோபின் ரொம்ப இறங்கினா ரத்தம் ஏத்துவாங்க, பெரும்பாலும் சில வாரத்துல மஜ்ஜை புது அணுவால நிரப்பிடும். உறுதியானதும் ஜி6பிடி குறைன்னு மருந்து ஃபைலோட முதல் பக்கத்துலயே எழுதி வைங்க. அம்மாவுக்கு ஒரு எக்ஸ்ல குறைன்னா ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அப்பாவுக்குன்னா எல்லா மகள்களுக்கும் அந்த ஜீன் போயிருக்கும், அதனால பிள்ளைங்களையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.