எல்லாரும் ரோஸ் கலர், இருந்தும் ஆளைக் கண்டுபிடித்தாச்சு!

வணக்கம் மக்களே! காவடி வீடியோ எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, இன்றைக்கு அதுதான். ஒருவழியாக மூன்று கேமராவிலும் ஆள் பொருந்திவிட்டது!

இங்கே மொரீஷியஸில், காத்ர் போர்ன் ஊரில் கோர் தெ கார்ட் மலைக்கோவிலுக்குப் போகிற வழியில் மூன்று கேமரா வைத்தேன் இல்லையா? காவடி எடுத்தவர்களுக்கு அவரவர் நடந்து வந்த காட்சிகளை மட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதில் முகத்தைத் தேடுவதில்லை. படத்திலிருந்து ஆளை மட்டும் வெட்டியெடுத்து, 256-க்கு 128 பிக்சலாக்கி, தோற்றத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் ஓஎஸ்நெட் என்கிற ஏஐ மாடலுக்குக் கொடுத்தால் 512 எண்கள் வரும். இரண்டு படத்தின் எண்களும் நெருங்கி இருந்தால் அநேகமாக ஒரே ஆள். 2019-இல் வந்த மாடல், 22 லட்சம் பாராமீட்டர்தான் (மாடல் பழகிப் பழகித் திருத்திக்கொள்ளும் உள் எண்கள்), சின்ன மாடல். என் பழைய லேப்டாப்பே தாங்குகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த மாடல் இது.

ஆனால் இந்த மாடல்கள் உடையை நம்பித்தான் பிழைக்கின்றன. நான் எடுத்தது மார்க்கெட்-1501 என்கிற படத் தொகுப்பில் பழக்கியது: சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழக சூப்பர்மார்க்கெட் வாசலில் 6 கேமரா, 1,501 பேர், ஆளுக்கொரு உடை. நம் காவடியிலோ திரும்பிய பக்கமெல்லாம் ரோஸ் உடை!

ஒரு அக்காவைப் பாருங்கள். முதல் கேமராவில் முன்பக்கம், மூன்றாவதில் முதுகு. முதல் பொருத்தமாக வேறொரு அம்மா வந்தார், இவர் இரண்டாவது. அக்காவின் காவடியில் இடப்பக்கத் தென்னங்குருத்து ஒன்று அவிழ்ந்து தொங்குகிறது, தெரிகிறதா? படத்தில் ஆளை வெட்டியெடுக்கும்போது அது மேலே விடுபட்டுப்போகிறது. அதனால் வெட்டியெடுக்கிற கட்டத்தைக் காவடி முழுக்க அடங்கும்படி மேலே நீட்டினேன். அக்கா முதலிடம்! கத்திவிட்டேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அட, நேரக் கணக்கைச் சொல்லவில்லையே. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஒரு கேமராவிலிருந்து அடுத்ததற்கு நடக்க ஆகும் நேரத்துக்குள் வந்தவர்களோடு மட்டும் ஒப்பிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். அதற்குக் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். ஊர்வலத்துக்கு முன்பே ஒரே போனின் கடிகாரத்தை மூன்று கேமராவுக்கும் காட்டிப் பதிந்துவிட்டேன்.

அப்புறம் அந்த கிளாம்ப்! கேமராவைக் கம்பத்தில் கவ்வுகிற சின்ன இரும்பு. ரோஸ் ஹில் ஊரில் ஒரு கடையில் 850 ரூபாய் சொன்னார்கள். ஒன்றுக்கு! அதே கிளாம்ப், அதே ரப்பர், அதே திருகு, போர்ட் லூயியில் 400. விலைச்சீட்டின் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சம்மதம் தந்தவர்களை மட்டும்தான் தேடினேன். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் 8 கேமராவில் மாணவர்களைப் படம்பிடித்த தொகுப்பு, சம்மதப் பிரச்சினை கிளம்பி 2019-இல் விலக்கப்பட்டது. ஊர்வலத்தில் வந்த மற்றவர்களுக்கு மாடல் தந்த எண்களை அழித்தாச்சு. கிளிப்புகள் சனிக்கிழமை கோவிலில் கிடைக்கும், பென் டிரைவ் கொண்டு வாருங்கள்.