முதலில் சக்கரம், அப்புறம் கப்ளர்

வணக்கம் நேயர்களே. மாதிரி ரயில் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். இன்ஜின், புகை, ஹாரன் என்று பேசுவேன் என நினைத்திருப்பார்கள். நான் பேசப்போவது பயணிகள் பெட்டியின் அடிவயிற்றைப் பற்றி. கப்ளர் என்றால் ஒரு பெட்டியை அடுத்த பெட்டியோடு மாட்டும் கொக்கி. சக்கரம், அப்புறம் கப்ளர். இருபது வருடமாக ஒஹையோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் ரயில் ஓட்டுகிறேன். என்னிடம் யார் வந்து வண்டி தடம் புரள்கிறது என்றாலும் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வதுதான் வழக்கம்.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பெரும்பாலானவர்கள் ஓட்டுவது ஹெச்ஓ. நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர், ஆள்காட்டி விரலை வைத்தால் ஏறக்குறைய மூடிவிடும். 85 அடி நீளமுள்ள அமெரிக்கப் பயணிகள் பெட்டி இந்த அளவில் 30 சென்டிமீட்டர் வரும், பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். அவ்வளவு நீளமான பெட்டியை முனைக்கு ஒன்றாக இரண்டு போகிகள் தாங்குகின்றன. நம்மூரில் ரயில் பெட்டியையே போகி என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் போகி என்பது பெட்டிக்கு அடியில் சக்கரங்களோடு தனியாகத் திரும்புகிற அந்தச் சட்டம். அமெரிக்கர்கள் டிரக் என்பார்கள். நான் போகி என்றே சொல்கிறேன்.

பழைய பெட்டிகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் சக்கரம். பத்து நாள் ஓட்டிவிட்டு அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், கறுப்பாக, மெழுகு மாதிரி சுருண்டு வரும். தண்டவாளத்தில் இருந்த அழுக்கு அது. ஆறு பெட்டி கொண்ட ரயிலில் 24 சக்கரம் அல்ல, 48 சக்கரம், ஏனென்றால் ஒரு போகிக்கு இரண்டு அச்சு, ஒரு அச்சுக்கு இரண்டு சக்கரம். அந்த 48-உம் அழுக்கை வாரி வாரித் தடம் முழுக்கப் பூசிக்கொண்டே போகும். உலோகச் சக்கரத்தில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது, எடையும் கீழேயே இருக்கிறது. சத்தமும் மாறுகிறது, தண்டவாளத்தின் இணைப்பில் ஏறி இறங்கும்போது மெல்லிய உலோகச் சத்தம், உங்களுக்குத் தெரிந்த அந்தத் தடக் தடக்தான், சின்னதாக.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு ரயில் சந்தையில் பழைய பயணிகள் பெட்டிகள் ஆறு வாங்கினேன். வர்ணம் அழகு, ஜன்னல் அழகு. தடத்தில் வைத்தால் இன்ஜின் கிளம்பியதிலிருந்து 'டிரிடிரிடிரி' என்று ஒரு அதிர்வு. சக்கரத்தின் உள்பக்கம் கீழே நீட்டிக்கொண்டிருக்குமே விளிம்பு, அது அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஆழமாக இருக்கும். என் தண்டவாளம் உயரம் குறைவானது, கோட் 83 என்பார்கள், 0.083 அங்குலம், அதாவது இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். விளிம்பு போய்த் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆணித்தலைகளில் ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டே போனது. சரி, சக்கரம் மாற்றலாம் என்றால், சக்கரம் வந்து சேர ஒரு வாரம் ஆகும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று ஆறு பெட்டிக்கும் கப்ளரை மாற்றினேன். உயரம் பார்த்து, வாஷர் வைத்து, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கச்சிதமாகச் செய்தேன். அடுத்த வாரம் சக்கரம் வந்தது, மாட்டினேன். வெளிச்சுற்றில் ஒரு இடத்தில் தடம் லேசாகத் தாழ்ந்து எழும். அங்கே போனதும் இன்ஜின் மட்டும் தனியாகப் போகிறது, ஆறு பெட்டியும் பின்னால் நிற்கிறது. தள்ளிக் கொண்டுபோய் மாட்டினால் மாட்டுகிறது, மறு சுற்றில் மறுபடியும் கழன்றுவிடுகிறது.

காரணம் இதுதான். பழைய சக்கரம் சரக்குப் பெட்டி அளவு, நிஜத்தில் 33 அங்குலம். பயணிகள் பெட்டிக்கு உரியது 36 அங்குலம், ஹெச்ஓவில் பத்தரை மில்லிமீட்டர் விட்டம். சரியானதை மாட்டியதும் பெட்டி அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உயர்ந்துவிட்டது, கூடவே கப்ளரும் உயர்ந்துவிட்டது. கப்ளரின் முகமே சின்னது, அதில் அரை மில்லிமீட்டர் என்பது பெரிய விஷயம். பன்னிரண்டு கப்ளரையும் மறுபடி கழற்றினேன். அதனால்தான் சொல்கிறேன், முதலில் சக்கரம், அப்புறம் கப்ளர்.

சக்கரம் வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். என்எம்ஆர்ஏ என்று 1935-இல் தொடங்கிய அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் ஆர்பி-25 என்று ஒரு சக்கர வடிவத்தைப் பரிந்துரைத்திருக்கிறது. விளிம்பு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆணித்தலையில் இடிக்காது. அச்சின் நீளம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள், அரை மில்லிமீட்டர் கூடினால் போகி விரிந்து சக்கரம் இறுகும், குறைந்தால் ஆடும். அச்சுமுனை உட்காரும் கூம்புக்குழியைச் சீராக்க ஒரு சின்னக் கருவி கிடைக்கும், இரண்டு சுற்று சுற்றினால் போதும். எண்ணெய் வேண்டாம், தூசியை இழுத்துக்கொள்ளும். பிறகு விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். சக்கரம் நிற்கப் பிடிக்கும் நேரத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போது கப்ளர். கை இரண்டையும் எதிரெதிரே வைத்து, விரல்களை மடக்கி, ஒன்றுக்குள் ஒன்றைக் கொக்கி போட்டு இழுத்துப் பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் தயவுசெய்து வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். ஈலை ஜேனி என்ற அமெரிக்கர் 1873-இல் காப்புரிமை வாங்கிய கப்ளர் இந்த வடிவம்தான். அதற்கு முன் ஆள் இரண்டு பெட்டிக்கு நடுவே நின்று வளையத்தில் ஆணி செருகி இணைக்க வேண்டும், எத்தனையோ பேர் கை போயிற்று, உயிர் போயிற்று. 1893-இல் தானாக மாட்டும் கப்ளரைச் சட்டமே கட்டாயமாக்கியது. நம்மூரில் பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் பழைய பெட்டிகளில் திருகி இறுக்கும் கப்ளிங்தான் வழக்கம். எல்ஹெச்பி என்கிற புதிய வகைப் பெட்டிகளில் வருவது ஜேனி வழியில் வந்த கப்ளர். ஊருக்குப் போகும்போது பிளாட்பாரத்தின் கோடிக்கு நடந்து ஒருமுறை பாருங்கள்.

மாதிரி ரயிலில் பழைய பெட்டிகளோடு வருவது கொம்பு மாதிரியான எக்ஸ்2எஃப் கப்ளர். பின்னால் தள்ளும்போது அது பெட்டியைப் பக்கவாட்டில் நெருக்கும், லேசான பெட்டி புரண்டுவிடும். ஆரிகனைச் சேர்ந்த கேடி நிறுவனத்தின் கப்ளர்தான் என் கைக்குப் பழகியது. ஜேனி மாதிரியே மாட்டும், தடத்தின் நடுவே காந்தம் வைத்தால் தானே கழலும். உயரம் பார்க்க ஒரு அளவுகோல் விற்கிறார்கள், அதைத் தடத்தில் வைத்துக் கப்ளரை எதிரே கொண்டுபோனால் மேலா கீழா என்று கண்ணுக்குத் தெரியும். தாழ்ந்திருந்தால் போகிக்கும் பெட்டிக்கும் நடுவே மெல்லிய வாஷர், கால் மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கிறது. ஒன்று வைத்துப் பாருங்கள், அப்புறம் இன்னொன்று.

கப்ளரைப் போகியில் மாட்டுவதா, பெட்டியின் தரையில் மாட்டுவதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பின்னால் தள்ளி ஓட்ட வேண்டுமானால் தரையில் மாட்டுவதே நல்லது, தள்ளும் விசை போகியைக் கோணலாக்காது. ஆனால் உங்கள் வளைவு 18 அங்குல ஆரமாக இருந்தால் இந்த ஸ்கேல் நீளப் பெட்டிக்கு அதைச் செய்யாதீர்கள், வளைவில் முனைகள் வெளியே தள்ளிக்கொண்டு ஒன்றையொன்று தடத்திலிருந்து இழுத்துவிடும். அந்த வீட்டில் கப்ளர் போகியிலேயே இருக்கட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். எடையைப் பற்றிச் சொல்ல நினைத்தேன்: என்எம்ஆர்ஏ கணக்கில் ஒரு அவுன்ஸ், அதோடு பெட்டி நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் பெட்டிக்கு 195 கிராம் வரும். குறைந்தால் இரும்பு நட்டுகளைத் தரையோடு ஒட்டுங்கள், மேலே வேண்டாம். எடையை உயரம் அளப்பதற்கு முன்பே வைத்துவிடுங்கள்.

பெட்டிக்குள் விளக்கு, அதற்குத் தனியாகவே அரை மணி நேரம் வேண்டும். ஒன்று மட்டும். சக்கரம் வழியாக மின்சாரம் எடுப்பதாக இருந்தால் பிளாஸ்டிக் அச்சுள்ள சக்கரம் உதவாது, உலோக அச்சாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் மின்காப்பு இருக்கும். ஒரு போகியிலுள்ள இரண்டு அச்சிலும் அது ஒரே பக்கம் வர வேண்டும், எதிர்ப் போகியில் மறுபக்கம். மாறிப்போனால் ஷார்ட். கை காட்டிவிட்டார்கள், நன்றி, வணக்கம்.