ஞானப்பல்லும் வலி மருந்தும்

நண்பர்களே, ஞானப்பல் பிடுங்கியவர்கள் இங்கே எத்தனை பேர்? சரி, கையை இறக்கலாம். அந்த வலியிலிருந்தே தொடங்குகிறேன்.

சான் பிரான்சிஸ்கோவில் ராபர்ட் கியர், ஜான் லெவின் என்ற ஆய்வாளர்களின் குழு ஞானப்பல் எடுக்க வந்தவர்களுக்கு நால்புஃபின், பியூட்டார்ஃபனால் என்ற மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. இரண்டும் அபின் குடும்பம்தான். ஆனால் மருந்து வந்து ஒட்டிக்கொள்ள நரம்புச் செல்களில் ஏற்பி என்ற பூட்டுகள் உண்டு; மார்ஃபின் முக்கியமாக 'மியூ' என்ற ஏற்பியில் போய் ஒட்டும். இவை 'கப்பா' ஏற்பியில் வேலை செய்பவை. 1996இல் முடிவு வந்தது: பெண்களுக்கு வலி நன்றாக அடங்கியது, ஆண்களுக்கு அந்த அளவு இல்லை. 1999இல் இன்னொரு வேடிக்கை. நால்புஃபினை 5 மில்லிகிராம் மட்டும் போட்டார்கள். ஆண்களுக்கு, மருந்தே இல்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட வலி கூடிப்போனது! வலிக்குப் போட்ட ஊசியே வலியை ஏற்றிவிட்டது.

இது ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது? 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பிள்ளை பெறும் வயதிலிருக்கும் பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. அதை மாற்றிக்கொள்ள 1993 ஆயிற்று. நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சோதனையில் பெண்ணை விட்டுவிட்டு, மருந்தை மட்டும் அவளுக்கும் எழுதிக் கொடுத்தோம்.

சரி, மார்ஃபினுக்கு வருவோம். 2000இல் நெதர்லாந்தின் லெய்டனில், ஆரோக்கியமான ஆண்களுக்கும் பெண்களுக்கும் மார்ஃபின் கொடுத்து ஒப்பிட்டார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு இருபாலருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பெண்களுக்கு அதன் வேலை மெதுவாகத் தொடங்கியது, மெதுவாகத் தணிந்தது, வலியை அடக்கும் வீரியமும் கூடுதல். "ஊசி போட்டும் வலி போகலையே" என்று சொல்பவரிடம் "கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்று அதட்டுவதற்குமுன் இதை நினைக்கலாம்.

எலியிலோ கதை தலைகீழ். பெண் எலிக்கு ஆண் எலியைப்போல இரு மடங்கு மார்ஃபின் தேவைப்படும். மூளையில் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் உண்டு; மார்ஃபினை அந்நியப் பொருளாக நினைத்து அவை சிலிர்த்துக்கொள்கின்றன, வலியடக்கம் கெடுகிறது. 2017இல் அட்லாண்டாவில் ஆன் மர்ஃபி என்ற ஆய்வாளரின் குழு, மார்ஃபின் அந்தச் செல்களைச் சிலிர்க்க வைக்கும் வழியை அடைத்தது. பெண் எலிக்கும் ஆண் எலி அளவுக்கு மார்ஃபின் வேலை செய்தது. ஆகவே 'பெண்களுக்கு வலி தாங்கும் சக்தி அதிகம்' என்ற திண்ணைப் பேச்சு இங்கே ஒன்றுக்கும் உதவாது. எந்த ஏற்பி, எந்த மருந்து, எந்த உயிர் என்று கேட்டாக வேண்டும்.

"அப்போ எனக்கு டோஸை மாற்றணுமா?" என்று கேட்பீர்கள். நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் மயக்க மருந்து டாக்டர், "பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். 1999இல் அப்ஃபெல் என்ற மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷனுக்குப் பின் யாருக்கு வாந்தி வரும் என்று ஒரு கணக்குப் போட்டார். பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காமல் இருப்பது, பயண வாந்தியோ முந்தைய ஆபரேஷன் வாந்தியோ வந்திருப்பது, ஆபரேஷனுக்குப் பின் அபின் வகை மருந்து. நான்கும் சேர்ந்தால் 10 பேரில் 8 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். அதற்கான ஊசியை முன்கூட்டியே போடத்தான் அந்தக் கேள்வி.